ஸ்லைடு பிரிண்ட் குறுக்கும் நெடுக்குமாக வந்தால்: எங்கே திரும்பியது, எப்படிச் சரிசெய்வது

திரையில் லட்சணமாக இருக்கும் பிரசன்டேஷன், தாளில் ஏறும்போது பெரும்பாலும் நாலு விதமாகக் கெடும். படுக்கை வாக்கில் இருக்க வேண்டிய ஸ்லைடு, நெடுக்கு வாக்கில் நிற்கும் தாளின் நடுவில் பாதியாகச் சுருங்கி வரும். இடமும் வலமும் வெட்டுப்பட்டு, தலைப்பின் முதல் எழுத்து காணாமல் போகும். முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கம் தலைகீழாக நிற்கும். ஒரு தாளுக்கு இரண்டு ஸ்லைடு கேட்டால் நாலு துணுக்குகள் வரும். பாளையங்கோட்டையில் கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரங்களில் வீணாகும் தாளில் பெரும்பங்கு இந்த நாலுக்குள்தான் அடங்கும்.

ஸ்லைடின் திசை ஓரிடத்தில் முடிவாவதில்லை. நாலு இடங்களில் முடிவாகிறது. கோப்புக்குள் இருக்கும் ஸ்லைடின் அளவு, பிரிண்ட் கொடுக்கும் ஆப்பில் தேர்ந்தெடுக்கும் அமைப்பு, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர், கடைசியாகத் தாளும் அது திரும்பும் விதமும். தப்பு எந்த இடத்தில் நடந்ததோ அங்கேயே சரிசெய்ய வேண்டும். கோப்பில் உள்ள தப்பை டிரைவரில் திருப்பிச் சமாளித்தால் இந்தப் பிரிண்ட் சரியாக வரும். அந்த அமைப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு அடுத்தவர் வேலையைக் கெடுக்கும்.

முதலில் அளவுக் கணக்கு

A4 தாள் 210 × 297 மி.மீ. சாதாரண லேசர் பிரிண்டர் ஓரம்வரை அச்சடிக்காது. நாலு பக்கமும் ஏறக்குறைய 4 மி.மீ. வெள்ளை விடும். ஆக, படுக்கை வாக்கில் கிடைப்பது சுமார் 289 × 202 மி.மீ.

பவர்பாயின்ட் 2013 முதல் புதிய கோப்பைத் திறந்தால் வருவது 16:9 விகிதம். அதன் அளவு 33.867 × 19.05 செ.மீ. பழைய 4:3 ஸ்லைடு 25.4 × 19.05 செ.மீ. இந்த இரண்டையும் A4-இல் வைத்துப் பாருங்கள்.

16:9 ஸ்லைடு படுக்கை வாக்கில் அகலத்தை முழுவதும் நிரப்பும். மேலும் கீழும் தலா 24 மி.மீ. வெள்ளை விழும். இது பிழையல்ல, இரண்டின் விகிதமும் வேறு என்பதால் வருவது. "மேலும் கீழும் காலியாக இருக்கிறதே" என்று ஸ்லைடை இழுத்து நீட்டினால் முகங்கள் ஒல்லியாகும், வட்டங்கள் முட்டையாகும்.

அதே ஸ்லைடை நெடுக்கு வாக்கில் நிற்கும் தாளில் போட்டால் 202 மி.மீ. அகலமும் 113 மி.மீ. உயரமும்தான் கிடைக்கும். பரப்பளவில் பாதி. திரையில் 18 பாயின்ட் எழுத்து, படுக்கை வாக்கில் 15 பாயின்டாக வரும். நெடுக்கு வாக்கில் 11-க்கும் கீழே இறங்கிவிடும்.

எந்த இடத்தில் தப்பு? தாள் செலவில்லாத சோதனை

விண்டோஸில் பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று ஒன்று இருக்கும். உங்கள் பிரிண்டருக்குப் பதில் அதைத் தேர்ந்தெடுத்து, மற்ற அமைப்புகள் எதையும் மாற்றாமல் பிரிண்ட் கொடுங்கள். வரும் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள்.

பிடிஎஃப்பிலும் ஸ்லைடு திரும்பியோ சுருங்கியோ இருந்தால் தப்பு கோப்பில் அல்லது ஆப்பில் இருக்கிறது. பிரிண்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. பிடிஎஃப் சரியாக இருந்து தாள் மட்டும் தப்பாக வந்தால் டிரைவர், தட்டு, இருபக்க அச்சு ஆகிய மூன்றில் ஒன்று. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் எல்லோரும் முதலில் பிரிண்டரை அணைத்துப் போடுகிறார்கள்.

பவர்பாயின்டில் ஸ்லைடின் திசை

1. கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அளவை மாற்றியபின் பழைய வடிவத்துக்குத் திரும்பினாலும் படங்களும் எழுத்துப் பெட்டிகளும் பழைய இடத்தில் நிற்கும் என்று நம்ப முடியாது.

2. டிசைன் டேபின் வலப்பக்கத்தில் 'ஸ்லைடு சைஸ்', அதில் 'கஸ்டம் ஸ்லைடு சைஸ்'.

3. திறக்கும் பெட்டியில் திசைக்கு இரண்டு பகுதிகள் இருக்கும். மேலே உள்ளது ஸ்லைடுகளுக்கு. கீழே உள்ளது நோட்ஸ், ஹேண்ட்அவுட் (ஒரு தாளில் பல ஸ்லைடு அடிக்கும் கையேடு), அவுட்லைன் ஆகியவற்றுக்கு. குழப்பத்தின் பாதி இங்கேதான் பிறக்கிறது. கீழே உள்ளதை லேண்ட்ஸ்கேப் (படுக்கை வாக்கு) ஆக்கிவிட்டு "ஸ்லைடு திரும்பவே இல்லை" என்பார்கள். அது ஸ்லைடைத் தொடாது.

4. சரி கொடுத்ததும் 'மேக்ஸிமைஸ்', 'என்ஷூர் ஃபிட்' என்று இரண்டு கேட்கும். முதலாவது உள்ளடக்கத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு ஓரத்தை வெளியே தள்ளிவிடும். இரண்டாவது எல்லாம் உள்ளே அடங்கும்படி சுருக்கும். அச்சுக்கு என்ஷூர் ஃபிட் எடுங்கள்.

5. பின்னணிப் படமும் கல்லூரி முத்திரையும் ஸ்லைடு மாஸ்டரில் இருந்தால் அவை நசுங்கியிருக்கும். வியூ டேபில் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து அங்கேயே சரிசெய்யுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டியதில்லை.

அளவுப் பட்டியலில் 'A4 பேப்பர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் 29.7 × 21 வராது, 27.517 × 19.05 செ.மீ.தான் வரும். தாளின் ஓர வெள்ளையைக் கழித்துக் கொடுக்கும் அளவு அது. கையேடாக அச்சடித்துக் கொடுக்கவே உருவாக்கும் பிரசன்டேஷனுக்கு இது நல்ல தேர்வு: தாள் நிறையும், நாலு பக்கமும் ஏறக்குறைய 1 செ.மீ. இடமும் இருக்கும். கருத்தரங்குக்கு நெடுக்கு வாக்கில் போஸ்டர் போடுவதானால் 16:9-ஐ அப்படியே நிமிர்த்தாதீர்கள். தாள் விகிதத்துக்கு ஒல்லியாகிவிடும். அகலம் 29.7, உயரம் 42 என்று நேரடியாக A3 அளவைத் தட்டிவிட்டு, அதன்பின் வேலையைத் தொடங்குங்கள்.

பிரிண்ட் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

கன்ட்ரோல் + P அடித்ததும் 'ஃபுல் பேஜ் ஸ்லைட்ஸ்' என்று நிற்கும். இந்த நிலையில் லேண்ட்ஸ்கேப், போர்ட்ரெய்ட் (நெடுக்கு வாக்கு) என்று கேட்கும் பட்டனே அங்கு இருக்காது. பலர் அதைத் தேடித் தேடிக் களைத்துப் போவார்கள். முழுப்பக்க ஸ்லைடு, தன் அளவில் உள்ள திசையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஹேண்ட்அவுட், நோட்ஸ் பேஜ், அவுட்லைன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பட்டன் முளைக்கும்.

அதே பட்டியலின் அடியில் 'ஸ்கேல் டு ஃபிட் பேப்பர்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 16:9 ஸ்லைடின் அகலம் 33.9 செ.மீ.; தாளின் நீளமே 29.7 செ.மீ.தான். டிக் இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்படக்கூடும்.

தாள் அளவு லெட்டர் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க அமைப்பில் வரும் லேப்டாப்களில் இது பழகிய தொல்லை. லெட்டர் தாள் 216 × 279 மி.மீ.; A4-ஐவிட அகலம் கூடுதல், நீளம் குறைவு. பிரிண்டர் நின்றுபோய் "லெட்டர் தாள் வை" என்று கேட்கும். அல்லது கேட்காமலே ஒரு பக்கமாகத் தள்ளி அச்சடிக்கும்.

ஹேண்ட்அவுட்: ஒரு தாளில் எத்தனை, எந்த வாக்கில்

ஹேண்ட்அவுட் பட்டியலில் '4 ஸ்லைட்ஸ் ஹாரிஸான்டல்', '4 ஸ்லைட்ஸ் வெர்ட்டிகல்' என்று இருப்பது தாளின் திசையே அல்ல. ஸ்லைடுகள் அடுக்கப்படும் வரிசை. ஹாரிஸான்டலில் 1, 2 மேலே. 3, 4 கீழே. வெர்ட்டிகலில் 1, 2 இடப்பத்தியில். 3, 4 வலப்பத்தியில். தாளின் திசைக்குத் தனிப் பட்டன் கீழே இருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு கையேடு அடித்தால் படிப்பவர் மூன்றாவது ஸ்லைடை இரண்டாவதாகப் படிப்பார்.

16:9 ஸ்லைடுகளுக்கு எங்கள் சிபாரிசு இதுதான். இரண்டு ஸ்லைடு என்றால் போர்ட்ரெய்ட்: ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளை நன்றாக நிரப்பும். நாலு என்றால் லேண்ட்ஸ்கேப். ஆறு என்றால் போர்ட்ரெய்ட். நாலு ஸ்லைடைப் போர்ட்ரெய்ட்டில் போடுவது வீண். நாலானாலும் ஆறானாலும் போர்ட்ரெய்ட்டில் இரண்டு பத்திதான், ஸ்லைடின் அகலம் கிட்டத்தட்ட ஒன்றேதான் வரும். பெரிதாகத் தெரியட்டும் என்று ஆறை நாலாகக் குறைத்தவர்களுக்கு வெள்ளைத்தாள்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆறு போடும்போது ஒவ்வொரு ஸ்லைடும் 10 செ.மீ. அகலத்தைத் தாண்டாது. 18 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் அளவுக்குச் சுருங்கும். ஆங்கிலமாவது கண்ணைச் சுருக்கிப் படிக்கலாம். தமிழில் புள்ளியும் சுழியும் ஒன்றாக அப்பிக்கொள்ளும். ண, ன வேறுபாடு தெரியாது. தமிழ் ஸ்லைடுகளுக்கு நாலைத் தாண்டாதீர்கள்.

இன்னொரு பொறி: ஆப்பில் ஹேண்ட்அவுட் 2 என்று கொடுத்துவிட்டு, டிரைவரிலும் 'ஒரு தாளில் 2 பக்கம்' என்று இருந்தால் இரண்டும் பெருகி நாலாகும், போதாததற்குப் பக்கமும் ஒரு முறை கூடுதலாகத் திரும்பும். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் சொல்லுங்கள். பவர்பாயின்ட் ஹேண்ட்அவுட் மேலே கீழே தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடம் விடுவதால் ஸ்லைடு சின்னதாகவே வரும். பெரிதாக வேண்டுமென்றால் ஸ்லைடுகளை முழுப்பக்கமாகப் பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபாட் ரீடரில் 'மல்டிபிள்' என்பதில் 2 அல்லது 4 கொடுத்து அடியுங்கள். 'பிரிண்ட் பேஜ் பார்டர்' டிக் செய்தால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் சட்டம் கிடைக்கும்.

பிடிஎஃப்பில் ஓரம் வெட்டுப்படுவது ஏன்

பவர்பாயின்டில் எக்ஸ்போர்ட் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் அதன் பக்க அளவு ஸ்லைடின் அளவாகவே இருக்கும். அதாவது 339 × 190.5 மி.மீ. A4 அல்ல. கடையில் ரீடரைத் திறந்து 'ஆக்சுவல் சைஸ்' கொடுத்து அடித்தால் இரண்டு பக்கமும் தலா 25 மி.மீ. போய்விடும். புள்ளிக் குறிகளும் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் காணாமல் போவது இப்படித்தான். 'ஃபிட்' கொடுத்தால் 85 சதவீதம் அளவுக்குச் சுருக்கி முழுவதையும் உள்ளே கொண்டுவரும். கேன்வாவில் செய்த பிரசன்டேஷன் இன்னும் பெரியது. 1920 × 1080 பிக்ஸல் பக்கம் பிடிஎஃப்பில் ஏறத்தாழ 50.8 செ.மீ. அகலம் இருக்கும், ஆக்சுவல் சைஸில் அடித்தால் நடுப்பகுதி மட்டும்தான் மிஞ்சும்.

ரீடரில் ஓரியன்டேஷன் 'ஆட்டோ' என்றே இருக்கட்டும். லேண்ட்ஸ்கேப் என்று வலுக்கட்டாயமாகத் தேர்ந்தெடுத்தால், இடையில் உள்ள நெடுக்குப் பக்கங்கள் சுருங்கிவிடும்.

ரீடரில் 'ரோட்டேட் வியூ' கொடுத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, சேமித்து அனுப்பியதாக நினைப்பவர்கள் நிறைய. அது பார்க்கும் கோணத்தை மட்டும் மாற்றும், கோப்பில் எழுதாது. கோப்பையே திருப்ப, பக்கங்களை ஒழுங்கமைக்கும் வசதி உள்ள மென்பொருள் வேண்டும். அல்லது மூலக் கோப்புக்கே போய்த் திருத்தி மறுபடி பிடிஎஃப் எடுப்பது இன்னும் நல்லது.

குரோமில் பிடிஎஃப் திறந்து அடித்தால் லேஅவுட் தேர்வே காட்டாது. பக்கத்தின் திசையை அதுவே பார்த்துக்கொள்ளும். அங்கே பார்க்க வேண்டியது ஸ்கேல் ஒன்றுதான்: 'ஃபிட் டு பிரிண்டபிள் ஏரியா'.

பின்பக்கம் தலைகீழ்: நீள ஓரமா, குறு ஓரமா

அதிகம் தாள் தின்பது இதுதான். இருபக்க அச்சில் இரண்டு தேர்வுகள்: நீள ஓரத்தில் புரட்டுவது, அதாவது லாங் எட்ஜ், குறு ஓரத்தில் புரட்டுவது, அதாவது ஷார்ட் எட்ஜ். எந்த ஓரத்தைக் கீல் மாதிரி வைத்துத் தாளைத் திருப்பப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நெடுக்கு வாக்கில் உள்ள தாளின் இடது ஓரம் நீளமானது. நோட்டுப் புத்தகம் போலப் புரட்டுவீர்கள். ஆகவே லாங் எட்ஜ். இரண்டு ஸ்லைடு அல்லது ஆறு ஸ்லைடு போர்ட்ரெய்ட் ஹேண்ட்அவுட்டுக்கு இதுவே.

படுக்கை வாக்கில் உள்ள தாளின் இடது ஓரம் குட்டையானது. இடமிருந்து புத்தகமாகப் புரட்ட வேண்டுமானால் ஷார்ட் எட்ஜ். டிரைவர் பெரும்பாலும் லாங் எட்ஜில்தான் நிற்கும், ஏனென்றால் எல்லோரும் அடிப்பது நெடுக்குக் கடிதம். அதனால்தான் ஸ்லைடு அடித்தால் மட்டும் பின்பக்கம் தலைகீழாகிறது.

படுக்கை வாக்கில் உள்ளதை மேல் ஓரத்தில் சுருள் போட்டு, தினசரி நாள்காட்டி போல மேல்நோக்கிப் புரட்ட வேண்டுமானால் லாங் எட்ஜே சரி.

டிரைவருக்கு டிரைவர் பெயர் மாறும். சிலதில் 'லெஃப்ட் பைண்டிங்', 'டாப் பைண்டிங்' என்று இருக்கும். சிலதில் 'ஃப்ளிப் பேஜஸ் அப்' என்று ஒரு டிக் பெட்டி. படத்தை நம்பி முழுக் கோப்பையும் விடாதீர்கள். முதல் 4 பக்கத்தை மட்டும் அடியுங்கள், இரண்டு தாள்தான். அவற்றைப் பைண்டிங் வரப்போகும் ஓரத்தில் பிடித்துக்கொண்டு புரட்டிப் பாருங்கள். 2-ஆம் பக்கம் நிமிர்ந்து நின்றால் மிச்சத்தை விடலாம். இரண்டு தாள் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஒரு தாளை மட்டும் பார்த்தால் 2-லிருந்து 3-க்குப் போகும் திருப்பம் தெரியாது.

ஒரே வேலையில் ஆப்பிலும் டிரைவரிலும் இருபக்க அமைப்பு இருந்தால் ஆப்பில் உள்ளதை மாற்றுங்கள். பவர்பாயின்ட் பிரிண்ட் பக்கத்திலேயே இரண்டு தேர்வும் உண்டு.

தானாகப் புரட்டாத பிரிண்டரில்

கேனான் எல்பிபி2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஊர்ப்பக்கக் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் தானியங்கி இருபக்க அச்சு இல்லை. கையால் புரட்டிப் போட வேண்டும்.

1. ஒரு வெற்றுத்தாளில் பென்சிலால், மேலே பார்க்கும் பக்கத்தில், உள்ளே போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அதைத் தட்டில் வைத்து ஒரு ஸ்லைடு அடியுங்கள். அச்சு அம்புக்குறி உள்ள பக்கத்தில் விழுந்ததா, மறுபக்கத்திலா, ஸ்லைடின் தலை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை பிரிண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொண்டால் மறுபடி யோசிக்க வேண்டாம்.

2. ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடியுங்கள்.

3. மொத்தப் பக்கங்கள் ஒற்றைப்படையானால், பின்பக்கம் இல்லாத கடைசித் தாளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பின்பக்கமும் ஒரு தாள் தள்ளிப் போய்விடும்.

4. தாள்கட்டை, அம்புக்குறித் தாள் சொல்வதுபோல் மறுபடி வைத்து, இரட்டைப்படையில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் தலைகீழாக இருந்தால் கட்டைப் புரட்டாமல், முன்முனை பின்முனையாகும்படி அப்படியே சுற்றி வையுங்கள். வேறெதையும் மாற்ற வேண்டாம்.

5. வரிசை தலைமாறினால் ரீடரில் 'ரிவர்ஸ் பேஜஸ்' டிக்.

சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பிரித்துவைத்த தாள்கட்டு ஈரம் பிடித்துவிடும். முதல் பக்கச் சூட்டில் சுருண்ட தாள், இரண்டாவது சுற்றில் கோணலாக உள்ளே போகும். புதுக் கட்டிலிருந்து எடுங்கள். சுருண்டதைத் தட்டையாக்கி, கொஞ்சம் ஆறவிட்டு வையுங்கள்.

சுருள் எந்த ஓரத்தில்

சுருள் பைண்டிங்குக்குக் குறைந்தது 12 முதல் 15 மி.மீ. இடம் வேண்டும். 16:9 ஸ்லைடைத் தாள் நிறைய அடித்திருந்தால் இடது, வலது ஓரங்களில் 4 மி.மீ.தான் இருக்கும். இடது ஓரத்தில் துளை போட்டால் தலைப்புக்குள்ளேயே விழும். இரண்டு வழிகள் உண்டு.

மேலே கீழே 24 மி.மீ. சும்மா கிடக்கிறதல்லவா? மேல் ஓரத்தில் சுருள் போடுங்கள், அச்சை லாங் எட்ஜில் எடுங்கள். தாள் அளவு எதையும் மாற்ற வேண்டியதில்லை. மேசையில் வைத்துப் பார்க்க இதுவே வசதி.

இடது ஓரத்தில்தான் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், பவர்பாயின்ட் எக்ஸ்போர்ட் பிடிஎஃப்பை ரீடரில் 'கஸ்டம் ஸ்கேல்' 79 சதவீதத்தில் அடியுங்கள். இரண்டு பக்கமும் தலா 15 மி.மீ. கிடைக்கும். கேன்வா பிடிஎஃப் என்றால் 52. பழைய 4:3 ஸ்லைடுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 100 சதவீதத்தில் அடித்தாலே பக்கத்துக்கு 21 மி.மீ. இடம் இருக்கும். அச்சுக்கு 4:3 எவ்வளவு இணக்கம் என்பது இங்கே தெரியும்.

ஒரே தொகுப்பில் படுத்ததும் நின்றதும்

தாமிரபரணி பற்றிய ஒரு புராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கி.மீ. ஓடும் ஆற்றின் வரைபடம் படுக்கை வாக்கில்தான் அமையும். நெல்லையப்பர் கோவில் கோபுரத்தின் படம் நெடுக்கு வாக்கில்தான் எடுபடும். இரண்டையும் அதனதன் திசையில் ஒரே பவர்பாயின்ட் கோப்பில் வைக்க முடியாது. ஒரு கோப்புக்கு ஒரே திசை. கூகுள் ஸ்லைட்ஸிலும் அப்படியே.

ஆகவே இரண்டு கோப்புகளாகச் செய்யுங்கள். நெடுக்குக் கோப்பை 21 × 29.7 செ.மீ. என்று கொடுங்கள். இரண்டையும் பிடிஎஃப் ஆக்கி, பக்கங்களை வரிசைப்படி ஒன்றாக்குங்கள். பக்க எண் தானாகப் போடவிட்டால் இரண்டு கோப்பிலும் 1-இல் தொடங்கிக் குழப்பும், கையால் போடுங்கள். பிறகு ரீடரில் ஆட்டோ ஓரியன்டேஷனில் ஒருபக்கமாக மட்டும் அடியுங்கள். கலப்புத் தொகுப்பை இருபக்கமாக அடித்தால், ஒரு தாளின் முன்பக்கம் நின்றும் பின்பக்கம் படுத்தும் இருக்கும். எந்த ஓரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதாவது ஒன்று தப்பாகும்.

இடது பக்கம் பைண்டிங் செய்யும் நெடுக்குப் புராஜெக்ட் புத்தகத்தில் இடையே வரும் படுக்கைப் பக்கங்களைச் சேர்க்கும்போது, அவற்றின் தலைப்பு பைண்டிங் ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும். படிப்பவர் புத்தகத்தை வலஞ்சுழியாக ஒரு கால் சுற்று திருப்பினால் தலைப்பு மேலே வரும். தலைப்பு வெளி ஓரத்தில் இருந்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டியிருக்கும். பைண்டிங் செய்பவர் தாளை எடுக்கும் வாக்கில் கோத்துவிடுவார்; படுக்கைப் பக்கங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

போனில் எடுத்த படம் ஸ்லைடுக்குள் சாய்ந்து வந்தால் அது வேறு கதை. கேமரா, படத்தைத் திருப்பாமல் "இப்படித் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்பில் எழுதும். அந்தக் குறிப்பைப் படிக்காத ஆப்பில் படம் சாயும். போன் கேலரியில் ஒரு முறை எடிட் செய்து சேமித்துவிட்டுச் செருகுங்கள்.

மற்ற ஆப்கள்

கூகுள் ஸ்லைட்ஸில் ஃபைல் மெனுவில் 'பேஜ் செட்டப்' ஸ்லைடின் அளவு. பிரிண்ட் பிரிவியூவில் ஹேண்ட்அவுட் எண்ணிக்கையும் திசையும். அங்கிருந்தே பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்: அரசு தந்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு இது பழகியிருக்கும். ஸ்லைடு மெனுவில் 'ஸ்லைடு ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து திசையை மாற்றலாம். பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட் டு பிரிண்டபிள் பேஜ்' எடுங்கள். பக்கத்திலேயே 'டிஸ்ட்ரிபியூட்' என்று தொடங்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் ஒரு ஸ்லைடு பல தாளில் பிரிந்து போகும்.

ஆண்ட்ராய்டு போனில் பிரிண்ட் திரையில் தாள் அளவை ISO A4 என்றும், ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் என்றும் கையால் மாற்றி 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' கொடுங்கள். தானாக விட்டால் லெட்டர், போர்ட்ரெய்ட் என்று நிற்கலாம்.

கடைக்குக் கொடுக்கும்போது

அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறி வந்து பிரிண்ட் எடுப்பவர்கள், பவர்பாயின்ட் கோப்போடு பிடிஎஃப்பையும் கையில் வைத்திருங்கள். கடைக் கணினியில் உங்கள் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால் வரிகள் நீண்டு, பெட்டியை மீறி ஓடும். திசையைச் சரிசெய்த உழைப்பெல்லாம் வீணாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருந்தால் வருவது தமிழாகவே இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' என்றே அனுப்புங்கள். ஸ்லைடுகளைப் படமாக அனுப்பினால் கடைக்காரர் அவற்றை நெடுக்குத் தாளில் ஒவ்வொன்றாக ஒட்டித்தான் அடிப்பார்.

கூட்டம் நெரியும் நேரத்தில் "ரெண்டு பக்கமும் போடுங்க" என்று மட்டும் சொன்னால் டிரைவரில் எது நிற்கிறதோ அதுதான் வரும். இப்படிச் சொல்லுங்கள்:

"அண்ணாச்சி, ஒரு தாளுக்கு ஒரு ஸ்லைடு, லேண்ட்ஸ்கேப். ரெண்டு பக்கமும் வேணும், லாங் எட்ஜ்ல போடுங்க. ஃபிட் கொடுத்துருங்க. முதல்ல நாலு பக்கம் மட்டும் எடுத்துப் பாத்துட்டு மிச்சத்த விடலாம். சுருள் மேல் ஓரத்துல."

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஒருவருக்காக மாற்றிய 'ஒரு தாளில் 2 பக்கம்', '180 டிகிரி திருப்பு', லீகல் தாள் போன்றவற்றை டிரைவரின் 'பிரிண்டிங் ப்ரிஃபரன்ஸஸ்' வழியாக மாற்றியிருந்தால் அவை நிலையாக நின்றுவிடும். ஆப்பின் பிரிண்ட் பெட்டிக்குள் போய் மாற்றினால் பெரும்பாலும் அந்த ஆப்பை மூடும்வரைதான். அதே பிரிண்டரை 'ஸ்லைடு ஷார்ட் எட்ஜ்' என்று இன்னொரு பெயரில் கூடுதலாக நிறுவி, அதில் லேண்ட்ஸ்கேப், ஷார்ட் எட்ஜ் அமைப்புகளை நிரந்தரமாக வைத்துவிட்டால், கடிதம் அடிக்க ஒன்று, ஸ்லைடு அடிக்க ஒன்று என்று பட்டியலில் இரண்டு இருக்கும். பெரிய A3 இயந்திரம் உள்ள கடைகளில் A4 தாளை நீள ஓரம் முன்னே போகும்படியும் குறு ஓரம் முன்னே போகும்படியும் இரண்டு தட்டில் வைத்திருப்பார்கள். குறு ஓரம் முன்னே போகும் தட்டுக்குச் சில இயந்திரங்களில் A4R என்று பெயர். தானாக ஸ்டேப்ளர் பின் குத்தும் வேலைக்குத் தட்டு மாறினால் அந்தப் பின் தவறான மூலையில் விழலாம். முதல் பிரதியில் பின் எந்த மூலையில் விழுந்தது என்று பார்த்த பிறகே நாற்பது பிரதிக்கு எண்ணை அழுத்துங்கள்.